நேர வேறுபாட்டு நிரலகம்

நேர வேறுபாட்டு நிரலகம் என்பது, நிகழ்வு நடந்த நாளையும் நேரத்தையும் குறிக்கும் கணினிப் பதிவுகளான நேரமுத்திரைகள் இரண்டுக்கு இடைப்பட்ட காலத்தைக் கணக்கிட்டுத் தரும் நிரல்களின் தொகுப்பாகும். இத்தகைய நிரலகங்கள் பல, உலகப் பொது நேரப்படி 1970 சனவரி 1 நள்ளிரவு முதல் கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக நேரத்தைக் கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கின்றன. கலியுகத் தொடக்கத்திலிருந்து நாள்களை எண்ணும் பஞ்சாங்கக் கணிதத்தின் அகர்கணமும் இம்முறையை ஒத்ததே. நொடிக் கணக்கு எளிது. ஆனால் மாதங்களின் நீளம் சமமன்று ஆதலால், சனவரி 31-க்குப் பின் ஒரு மாதம் முடியும் நாளை ஒவ்வொரு நிரலகமும் தன் விதிப்படியே முடிவு செய்கிறது.

ஓர் ஊரின் கடிகார நேரமே காலப்போக்கில் மாறியிருப்பது இதனினும் கடினமான சிக்கல். கிரீன்விச்சைவிட ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முந்தியதும் ரயில்வே பின்பற்றியதுமான சென்னை நேரத்துக்கு மாற்றாக, 1906 சனவரி 1 முதல் 5 மணி 30 நிமிடம் முந்திய இந்தியச் சீர்நேரம் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அதுவும் ஒரு மணி நேரம் முன்தள்ளப்பட்டது. இலங்கை 1996-இல் இருமுறையும் 2006 ஏப்ரலில் ஒருமுறையும் தன் நேரத்தை மாற்றியது. இம்மாற்றங்களைத் தொகுத்துவைத்திருக்கும் நேர வலயத் தரவுத்தளத்தைச் சாராத நிரலகம், பழைய தேதிகளுக்குப் பிழையான விடை தரக்கூடும். அத்தரவுத்தளத்தில் இந்திய ஊர்கள் அனைத்தும் ‘ஆசியா/கொல்கத்தா’ என்னும் ஒரே வலயத்துள் அடங்கும்.