பென்சிலில் எழுதிய மனு

அப்பாவை வேலையை விட்டு நிறுத்தியபோது எனக்குப் பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருஷம் அவர் வேலை பார்த்த தொழிற்சாலை. ஒரு கடிதம், ஒரு மாதச் சம்பளம், அவ்வளவுதான். ‘மேனேஜர்கிட்ட பேசிப் பார்க்கலாம்’ என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதம் ஓடிவிட்டது. நான் அப்போது பொறியியல் முதலாண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் எங்கள் பாடப்புத்தகங்கள் இருந்த மாடிக்கு மேல் மாடியில்தான் சட்டப் புத்தகங்கள். ஒருநாள் சும்மா ஏறிப்போய் தொழில் உறவுச் சட்டம் 1967ஐ எடுத்துப் புரட்டினேன். நியாயமான காரணமில்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாக நினைப்பவர் 60 நாட்களுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும் என்று 20ஆம் பிரிவில் இருந்தது. அங்கேயே உட்கார்ந்து நாட்களை எண்ணினேன். அன்று 91ஆவது நாள்.

வீட்டில் சொன்னபோது அப்பா கோபப்படவில்லை. “அது எங்கடா எழுதியிருக்கு?” என்று மட்டும் கேட்டார். போட்டோஸ்டாட் எடுத்துவந்த தாளைக் காட்டினேன். ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியவர் அவர். தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

எல்லாரும் எடுத்துப் படிக்கலாம் என்றுதான் அந்தப் புத்தகம் அலமாரியில் இருந்தது. ஆனால் ‘எல்லாரும்’ என்பதில் அப்பா இருந்தாரா? இந்தக் கேள்வியோடு சட்ட நூலகங்களின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் அமெரிக்கச் சிறைக்கைதி ஒருவரின் கதைக்கு வந்து சேர்ந்தேன்.

கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடியவர். சின்னச் சின்னத் திருட்டுகளுக்காகப் பலமுறை சிறை சென்றவர். 1961 ஜூன் 3 அன்று ஃபுளோரிடாவின் பனாமா சிட்டியில், பூல் விளையாடும் கூடம் ஒன்றை யாரோ உடைத்து சிகரெட் இயந்திரத்திலும் ஜூக்பாக்ஸிலும் இருந்த காசை எடுத்துவிட்டார்கள். சந்தேகம் கிடியன் மேல் விழுந்தது. நீதிமன்றத்தில் அவர் தனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும்தான் மாநிலம் வக்கீல் தரும் என்றார் நீதிபதி. வக்கீல் வைத்துக்கொள்வது என் உரிமை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்றார் கிடியன்.

அது தவறு. உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. 1942இல் பெட்ஸ் எதிர் பிராடி வழக்கில், மாநில நீதிமன்றங்களில் ஏழைக் குற்றவாளிகளுக்கு வக்கீல் தருவது கட்டாயமில்லை, எழுத்தறிவின்மை போன்ற விசேஷச் சூழ்நிலை இருந்தால்தான் தர வேண்டும் என்றே அது தீர்ப்பளித்திருந்தது. கிடியன் தானே வாதாடினார், சாட்சிகளைத் தானே கேள்வி கேட்டார், தோற்றார். ஐந்து வருடச் சிறை.

ரெய்ஃபோர்ட் சிறையில் இருந்த சட்டப் புத்தகங்களை அவர் படித்தார். முதலில் ஃபுளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு மனு போட்டார், தள்ளுபடியானது. பிறகு சிறையில் கொடுக்கும் கோடு போட்ட தாளில், பென்சிலால், வாஷிங்டனுக்கு எழுதினார். அந்த மனு 1962 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்தது. எழுத்துப் பிழைகள் நிறைய. தனக்கு எழுதத் தெரியாது, புத்தி சரியில்லை என்று எந்த விசேஷச் சூழ்நிலையையும் அவர் காட்டவில்லை. கேட்டேன், தரவில்லை, அது தப்பு. இவ்வளவுதான் வாதம். இதனாலேயே 1942 தீர்ப்பைச் சுற்றிக்கொண்டு போக வழியில்லாமல், அதையே திரும்ப யோசிக்க வேண்டிய நிலை நீதிபதிகளுக்கு வந்தது. 1963 மார்ச் 18 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகப் பழைய தீர்ப்பை ரத்து செய்தார்கள். கிடியன் தவறாகச் சொன்னது, இரண்டு வருஷத்துக்குள் சட்டமாகிவிட்டது.

பொதுவாக இந்த இடத்தில் கதையை நிறுத்திவிடுகிறார்கள். சாதாரண மனிதன், ஒரு பென்சில், ஒரு நூலகம், வெற்றி. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது.

அந்தத் தீர்ப்பு கிடியனை விடுதலை செய்யவில்லை, மறுவிசாரணைதான் கொடுத்தது. 1963 ஆகஸ்ட் 5, அதே ஊர், அதே நீதிபதி. இந்த முறை ஃபிரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் கூட இருந்தார். சம்பவத்தன்று கிடியனை ஏற்றிச்சென்ற டாக்சி ஓட்டுநர், தன்னை ஏற்றியதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கிடியன் கேட்டுக்கொண்டதாகச் சாட்சி சொன்னார். கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். டர்னர் எழுந்து, இதற்கு முன்னாலும் அவர் அப்படிச் சொன்னதுண்டா என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் சொல்வார், மனைவியோடு ஏதோ பிரச்சினை என்றார் ஓட்டுநர். முக்கியச் சாட்சியின் பழைய குற்றப் பதிவையும் டர்னர் வெளியே கொண்டுவந்தார். ஜூரி ஒரு மணி நேரத்தில் ‘குற்றவாளி இல்லை’ என்றது.

சட்டப் புத்தகத்தைப் படித்து உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடிந்த மனிதருக்கு, டாக்சி ஓட்டுநரிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரியவில்லை. தெரியாது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. நூலகத்தில் உட்கார்ந்து அவர் எழுதிய மனுவின் சாரமே, எனக்கு ஓர் ஆள் வேண்டும் என்பதுதானே.

உச்ச நீதிமன்றத்தில் கிடியனுக்காக வாதாடிய ஏப் ஃபோர்டஸ் பிறகு அங்கேயே நீதிபதியானார். 1969இல் டென்னசி சிறையிலிருந்து ஒரு வழக்கு வந்தது. சக கைதிகளுக்கு மனு எழுதிக் கொடுத்ததற்காக ஒருவரைத் தனிமைச் சிறையில் போட்டிருந்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு வேறு உதவி எதுவும் தராமல், உதவுகிறவனைத் தடுக்க முடியாது என்று தீர்ப்பு எழுதியவர் அதே ஃபோர்டஸ். 1977இல் பவுண்ட்ஸ் எதிர் ஸ்மித் வழக்கில் நீதிபதி தர்குட் மார்ஷல் இன்னும் ஒரு படி போனார்: சிறைகள் கைதிகளுக்குப் போதுமான சட்ட நூலகம் அல்லது சட்டப் பயிற்சி பெற்றவர்களின் உதவியைத் தர வேண்டும்.

அந்த ‘அல்லது’வில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். புத்தகம் அல்லது ஆள். எது கொடுத்தாலும் கணக்குச் சரி. படிக்கத் தெரியாத கைதிக்குப் புத்தகத்தை மட்டும் கொடுத்தாலுமா?

சிறைக்கு வெளியிலும் இதே சிக்கல்தான். கலிஃபோர்னியா 1891இலேயே சட்டம் போட்டு, கவுண்டிதோறும் பொதுச் சட்ட நூலகம் அமைக்க வழி செய்தது. சிவில் வழக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி அதற்குப் போகிறது. வக்கீல் வைக்க வசதியில்லாதவரும் உள்ளே போகலாம். நூலகர் புத்தகத்தைக் காட்டுவார், படிவத்தை எடுத்துத் தருவார், தேடும் முறையைச் சொல்லித் தருவார். ஆனால் ‘என் விஷயத்தில் நான் என்ன செய்யணும்?’ என்று கேட்டால் சொல்லக்கூடாது. அது சட்ட ஆலோசனை, வக்கீலின் வேலை. கேட்பவருக்கோ அந்த ஒரு கேள்விதான் முக்கியம்.

1996இல் லூயிஸ் எதிர் கேசி வழக்கில் உச்ச நீதிமன்றம் பின்வாங்கியது. சட்ட நூலகம் என்பது தனி உரிமையல்ல, அது சரியில்லாததால் தன் வழக்கு கெட்டது என்று கைதி நிரூபிக்க வேண்டும் என்றது. எனக்கு இது விசித்திரமாக இருக்கிறது. தான் எதை இழந்தேன் என்று தெரிந்துகொள்ளவே ஒருவனுக்குச் சட்டம் தெரிய வேண்டுமே. 91ஆவது நாள் நான் மாடி ஏறியிராவிட்டால், அப்பாவுக்குக் கையை விட்டு ஒன்று போனது என்பதே தெரிந்திருக்காது.

ஆகவே நூலகம் பயனில்லை என்று சொல்ல மாட்டேன். புத்தகம் இல்லாமல் கிடியன் இல்லை. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு ஃபுளோரிடாவில் மட்டும் சுமார் 2,000 கைதிகள் விடுதலையானார்கள். நான் ஒரு பொறியாளன். எந்த இயந்திரத்துக்கும் கையேடு இருக்கும். கையேட்டைக் கொடுத்துவிட்டு, இனி உன் பாடு என்று புது ஆளை இயந்திரத்தின் முன்னால் நிறுத்த மாட்டோம். முதல் வாரமாவது ஒருவர் பக்கத்தில் நிற்பார்.

போன வருஷம் பக்கத்து வீட்டு அங்கிளை அப்பாதான் கூட்டிக்கொண்டு வந்தார். அவரையும் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். கடிதத்தை நான் பிரிப்பதற்குள் அப்பா கேட்டார்: “தேதி என்ன போட்டிருக்கான், பாரு.” பார்த்தேன். 38ஆவது நாள். மறுநாள் காலை லீவு போட்டுவிட்டு, மூன்று பேருமாக இலாகாவுக்குப் போனோம்.