ஷாம்பெயின் காக்டெயிலும் ஒரு சர்க்கரைக் கட்டியும்

வீட்டிலேயே ஷாம்பெயின் காக்டெயில் தயாரிக்கக் கற்றுத்தரும் குறிப்புகள் இன்று ஏறத்தாழ ஒன்றுபோலவே உள்ளன. குறுகி உயர்ந்த கண்ணாடிக் குவளையில் ஒரு சர்க்கரைக் கட்டி, அதன்மேல் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் ஓரிரு துளி, 10 மி.லி. கோன்யாக் பிராந்தி; 90 மி.லி. குளிர்ந்த ஷாம்பெயின், மேலே எலுமிச்சைத் தோல் ஒரு கீற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் மாறா மரபு இது என்ற அடைமொழியும் தவறாது உடன்வரும். ஆய்வுக்குரியது அந்த அடைமொழிதான்.

1862இல் நியூயார்க்கில் வெளிவந்த ஜெரி தாமஸின் கலவைப்பான நூலில் இப்பானம் இடம்பெற்றுள்ளது. அங்கே சர்க்கரைக் கட்டி இல்லை. அரைத் தேக்கரண்டிச் சர்க்கரையே உண்டு. பிராந்தியும் இல்லை. பெரிய குவளையின் மூன்றிலொரு பங்கு உடைத்த பனிக்கட்டியால் நிரம்பியிருக்கிறது. அனைத்துக்கும் மேலாக, நன்றாகக் குலுக்கிப் பரிமாறுக என்கிறது அந்நூல். மூடிய கலத்தில் ஷாம்பெயினைக் குலுக்குவோர் அடையும் விளைவைச் சொல்லத் தேவையில்லை. தாமஸ் போன்ற கைதேர்ந்தவர் இவ்வாறு எழுதியது பிற காக்டெயில்களுக்குரிய வாய்பாடு பழக்கத்தால் இங்கும் ஒட்டிக்கொண்டதன் விளைவாகலாம். 1806இல் ஹட்சன் நகர இதழொன்று காக்டெயில் என்பதற்குத் தந்த விளக்கம் மதுவகை, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் என்பதே. அச்சட்டகத்தில் மதுவகையின் இடத்தைப் பிரெஞ்சு வைன் பிடித்துக்கொண்டது.

இனிப்பைப் பற்றிய வேறுபாடு இன்னும் ஆழமானது. அக்காலத்து ஷாம்பெயினில் லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் சர்க்கரை சேர்ப்பது பரவலான வழக்கம். இன்று பெரிதும் விற்பனையாகும் ‘புரூட்’ வகையிலோ அது 12 கிராமுக்கும் குறைவு. புரூட் வகையை 1874ஆம் ஆண்டு ஷாம்பெயினைக் கொண்டு பொமெரி நிறுவனம் ஆங்கிலேயச் சுவைக்காகப் பரப்பியது. ஆகவே இன்றைய சர்க்கரைக் கட்டி வறண்ட வைனுக்கு ஈடுசெய்கிறது. 1862இன் சர்க்கரையோ ஏற்கெனவே இனித்த வைனில் மேலும் கரைந்தது. பெயர் ஒன்று; பானம் வேறு.

அச்சர்க்கரை எங்கிருந்து வந்தது என்ற வினாவை மரபு பேசுவோர் எழுப்புவதில்லை. அமெரிக்கா அன்று உண்ட சர்க்கரையின் பெரும்பகுதி லூசியானாவிலும் கியூபாவிலும் அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. தாமஸின் நூல் வெளியான ஆண்டில் அடிமைமுறையை முன்னிட்ட உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. கியூபாவில் அம்முறை 1886 வரை நீடித்தது. பிட்டர்ஸுக்கும் போரோடு உறவுண்டு. பொலிவாரின் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்மானியர் சீகெர்ட், வெனிசுவேலாவின் அங்கோஸ்டுரா நகரில் 1824இல் வயிற்றுக்கோளாறுக்கான மருந்தாக அதை உருவாக்கினார். நகரின் பெயர் 1846இல் சியுதாத் பொலிவார் என மாறிற்று. மருந்தின் பெயர் மாறவில்லை. சர்க்கரைக் கட்டியோ 1843இல் மொராவியாவில் ஜேக்கப் ராட் காப்புரிமை பெற்ற ஆலைப்பொருள். அதன் சொரசொரப்பான பரப்பில் குமிழிகள் இடைவிடாது எழுகின்றன. கண்ணுக்கு இனிய காட்சிதான். எனினும் வைனின் வாயு விரைவில் தீர்ந்துபோவதும் அதனாலேயே.

பிரான்சின் பெருமையாக இன்று பரிமாறப்படும் இப்பானத்தை அந்நாடே அன்று அறிந்திருந்ததா என்பதும் ஐயத்துக்குரியது. மார்க் ட்வைன் 1869இல் வெளியிட்ட பயணநூலில், அமெரிக்கப் பானங்கள் கிடைக்கும் என்ற அறிவிப்பைக் கண்டு பாரிஸ் மதுக்கடை ஒன்றினுள் நுழையும் பயணிகள் ஷாம்பெயின் காக்டெயில் கேட்கின்றனர். கடைக்காரர் விழித்துப் பார்த்துத் தோளைக் குலுக்குகிறார்.