மூணு தண்ணியும் எட்டு சளியும்

ரயில்வே போர்டில் திருநின்றவூர் என்றுதான் இருக்கும், பழைய ஆட்கள் வாயில் அது தின்னனூர். இந்தப் பக்கத்துத் தெருக்களில் ஒரு விதியை யாரும் எழுதி ஒட்டினதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தால் அந்த வீட்டுப் பிள்ளை வெளியே வராது, வெளிப்பிள்ளை உள்ளே போகாது. "அம்மா வந்திருக்கா" என்று சொன்னாலே போதும். வாத்தியார்கூட ஏன் ரெண்டு வாரமா வரலைன்னு கேட்கமாட்டார்.

முடிவும் அதே அளவுக்குத் தெளிவு. கொப்புளம் வாடிப் பொருக்குத் தட்டியதும் முதல் தண்ணி. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் இப்படி மூணு தண்ணி. (சில வீடுகளில் ஐந்து. ஒற்றைப்படையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.) கடைசித் தண்ணி ஊற்றினபிறகே பள்ளிக்கூடம்.

நோய்வந்த பிள்ளையை எப்போது வீட்டில் வைப்பது, எப்போது திரும்ப அனுப்புவது என்கிற கேள்விக்குத் தமிழ்நாட்டில் இருந்த மிகப் பழைய, மிகப் பரவலான பதில் இதுதான் என்பது என் எண்ணம். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்காகப் புனிதப்படுத்தவும் வேண்டாம். மருந்து கொடுத்தால் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று சும்மா இருந்ததில் போன உயிர்கள் உண்டு. 1884-லேயே சென்னை மாகாணத்தில் தடுப்பூசிச் சட்டம் வந்தும், அம்மை குத்த வருகிறவரைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒளிந்த காலம் ரொம்ப நாள் நீடித்தது. ஆனால் வீட்டில் வைக்கும் விதியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், அது பெரியம்மைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி பொருந்துகிறது.

காரணம் பெரியம்மையின் குணம். அந்த வைரஸ் உடம்பில் புகுந்து ஏறக்குறைய பன்னிரண்டு நாள் சத்தமில்லாமல் இருக்கும். அந்த நாட்களில் அது அடுத்தவருக்குப் பரவாது. காய்ச்சல் அடித்து, ஆள் படுத்து, முத்து தெரிய ஆரம்பித்த பிறகுதான் வேகமாகப் பரவும். கடைசிப் பொருக்கு உதிரும்வரை ஆபத்து. ஆக, கண்ணுக்குத் தெரிந்த அன்றே கதவடைத்துப் பொருக்கு உதிர்ந்தபின் திறந்தால், ஏறக்குறைய சரியாகவே அடைத்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனம் கடைசிக்கட்டத்தில் பெரியம்மையை விரட்டியதும் இதே குணத்தைப் பிடித்துக்கொண்டுதான். நோயாளியைக் கண்டுபிடி, தனியே வை, சுற்றியிருப்பவர்களுக்கு ஊசி போடு.

சின்னம்மையில் இந்த விதி பாதிதான் பலிக்கும். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அது பரவ ஆரம்பித்துவிடும். தட்டம்மை இன்னும் மோசம், நாலு நாள் முன்பே. வேப்பிலை செருகும்போது பக்கத்துவீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி ஒரு வருடத்தைப் பார்க்கவேண்டும். 1975 மே மாதம் அசாமின் கரீம்கஞ்சில் இந்தியாவின் கடைசிப் பெரியம்மை நோயாளி பதிவானார். அதே 1975-ல், அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. நம்ம ஆட்கள் இன்றைக்கும் பால்வாடி என்று சொல்லும் அங்கன்வாடி அதன் வழியாக வந்தது. விதி எந்த நோய்க்காக உருவானதோ அந்த நோய் போன வருடத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரே அறையில் கூட்டும் ஏற்பாடு நாடு முழுக்க ஆரம்பமாகிறது. தற்செயல்தான். ஆனால் அந்த அறைக்குள் வந்த நோய்களுக்குப் பழைய விதியில் இடமே இல்லை. சளி, இருமல், வயிற்றுப்போக்கு, கண்வலி, காரணம் தெரியாத காய்ச்சல். இதற்கெல்லாம் எந்த அம்மன் பெயரும் இல்லை, எத்தனை தண்ணி என்ற கணக்கும் இல்லை.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவை ஆரம்பித்தபோது இரண்டு வயது முதலான பால்வாடிப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு கிடைத்தது. அதன்பிறகு "மூக்கு ஒழுகுது, அனுப்பாதே" என்று சொல்வது ஒருவேளைச் சோற்றை வெட்டுவதாகவும் ஆனது. வசதியான நாட்டு மருத்துவர்கள் எழுதும் கையேடுகளில் இந்தக் கணக்கு வருவதில்லை.

இந்தப் பகுதிக்கு இன்னொரு கதை உண்டு. 1960களில் ஆவடியில் டாங்க் தொழிற்சாலை, அம்பத்தூரில் தொழிற்பேட்டை. திருநின்றவூரில் குடியிருந்து, ரயிலேறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி வேலைக்குப் போகும் வாழ்க்கை அங்கிருந்து கிளைத்தது. பின்னால் தையல் கம்பெனிகளும் மற்ற சிறு கம்பெனிகளும் பெண்களை வேலைக்கு எடுத்தன. 1948-ம் வருடத் தொழிற்சாலைச் சட்டத்தின் 48-ம் பிரிவு, ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் பிள்ளைகளுக்கு அறை வைக்கச் சொன்னது. 1976 திருத்தம் அதை முப்பதாகக் குறைத்தது. வெளிச்சம், காற்று, சுத்தம், பயிற்சிபெற்ற பெண் பொறுப்பாளர் எல்லாம் அந்தப் பிரிவில் இருந்தது. பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத அன்று என்ன செய்வது என்று மட்டும் ஒரு வரி இருக்கவில்லை.

இங்கிலாந்தில் 1880களிலேயே பள்ளி மருத்துவர்களின் சங்கம் தொற்றுநோய்க்கு விதிப்புத்தகம் போட்டது. நோய்க்கு இத்தனை நாள் என்று வாரக்கணக்கில் பிள்ளையை நிறுத்திவைக்கும் காலம் அது. விடுதிப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அது சரிப்படும். டே கேர் பிள்ளைக்கு எப்படி? மற்ற பிள்ளைகளோடு பழகும் சின்னக் குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு முதல் எட்டு சளி சாதாரணம். ஒவ்வொன்றும் பத்து நாள் இழுக்கும். எட்டையும் பத்தையும் பெருக்கினால் எண்பது நாள். அதிலும் சளி வைரஸ் மூக்கு ஒழுகும் முன்பே பரவ ஆரம்பித்துவிடும். கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோயில் (2022-ல் கேரளத்தில் தக்காளிக் காய்ச்சல் என்று பரபரப்பானது இதன் ஒரு வடிவம்தான் என்று பிறகு தெரிந்தது) கொப்புளம் ஆறியபிறகும் பல வாரம் மலத்தில் வைரஸ் இருக்கும். முழுக்க நிற்கும்வரை வைத்திருப்பது நடக்கிற காரியமில்லை.

அதனால்தான் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் போன்றவை நாட்கணக்கை விட்டுவிட்டு மூன்று கேள்விகளுக்கு வந்தன. பிள்ளையால் வழக்கம்போல இருக்க முடியுதா? மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு இதையே பார்க்கவேண்டிய நிலை ஆயாவுக்கு வருதா? ஆபத்தான தொற்றா? மூன்றுக்கும் பதில் சாதகமாக இருந்தால், மூக்கில் பச்சையாக ஒழுகினாலும் வரலாம். துவண்டு கிடக்கும் பிள்ளை, மூச்சுக்குத் திணறும் பிள்ளை, ஜட்டியில் நிற்காத வயிற்றுப்போக்கு, தட்டம்மை, பொருக்குத் தட்டாத சின்னம்மை எல்லாம் வீட்டில். கடைசிக்கு மட்டும் நம்ம பாட்டியின் விதி அப்படியே நிற்கிறது, பொருக்குத் தட்டட்டும் என்று.

ஆனால் பாட்டியின் விதி நடந்ததற்குப் பாட்டி வீட்டில் இருந்ததும் ஒரு காரணம். இங்கே குடிவந்த பல வீடுகளில் பாட்டி சொந்த ஊரில். ஈ.எஸ்.ஐ. பிள்ளைக்கு வைத்தியம் தரும், ஆனால் அதன் நோய்க்காலப் பணம் தொழிலாளி தானே படுத்தால்தான். மத்திய அரசில் வேலை பார்க்கும் பெண்களுக்கு 2008 முதல் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு, மொத்தம் 730 நாள். தையல் மெஷினில் உட்காருகிறவருக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஸ்வீடன் 1974-லேயே, உடம்பு சரியில்லாத பிள்ளையோடு வீட்டில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ காப்பீட்டிலிருந்து பணம் தர ஆரம்பித்துவிட்டது. இப்போது ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 120 நாள்வரை.

சம்பளம் பிடிக்கிற இடத்தில் விதியை எப்படிச் சமாளிப்பது என்று எல்லா ஊர்த் தாய்மாருக்கும் தெரியும். காலை ஏழு மணிக்கு ஒரு மூடி பாராசிட்டமால் சிரப். பிள்ளை சிரித்துக்கொண்டே உள்ளே போகும். மருந்தின் வேகம் நாலிலிருந்து ஆறு மணி நேரம். பதினொன்றரை வாக்கில் ஆயா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு போன் போடுவார். அப்போது அந்த அம்மா பட்டரவாக்கத்தில் இருப்பார், போன் கம்பெனி லாக்கரில் இருக்கும்.