கி.பி. 2000 வரை என் கதை

படிப்பு முடிந்ததும் என்ன ஆகும் என்ற நினைப்பு வயிற்றைக் கலக்காத கல்லூரி மாணவர் உண்டா? அந்த நினைப்புக்கும் மனநலத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஆய்வாளர்கள் ரொம்ப நாளாகத் தேடுகிறார்கள். அவர்கள் கேள்வி கேட்ட விதம் மாறி வந்ததைப் பாருங்க, அதுவே ஒரு வரலாறு.

1950களின் தொடக்கத்தில் கார்டன் ஆல்போர்ட்டும் ஜேம்ஸ் கில்லெஸ்பியும் பத்து நாட்டு மாணவர்களிடம், அன்றிலிருந்து கி.பி. 2000 வரையிலான தங்கள் வாழ்க்கை வரலாற்றை எழுதச் சொன்னார்கள். இன்னும் வாழாத வாழ்க்கைக்கு வரலாறு! ஆய்வு 1955இல் புத்தகமாக வந்தது. அமெரிக்க மாணவர்கள் பெரும்பாலும் வேலை, வீடு, குடும்பம் என்றே எழுதினார்கள். தென்னாப்பிரிக்கக் கறுப்பின மாணவர்களோ தங்கள் மக்களின் நிலை உயர்வதைப் பற்றி எழுதினார்கள். 1948லிருந்தே அங்கே நிறவெறிதான் அரசின் கொள்கை. தன் எதிர்காலத்தை மட்டும் தனியாகப் பிரித்து எழுத அவர்களுக்கு வழி ஏது?

1985இல் மைக்கேல் ஷையரும் சார்ல்ஸ் கார்வரும் கதையை விட்டுவிட்டு 12 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாளைக் கொண்டுவந்தார்கள். அதில் 4 சும்மா இடைச்செருகல், மதிப்பெண் கிடையாது. செமஸ்டரின் கடைசி வாரங்களில், நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்த மாணவர்கள் உடல் உபாதைகளைக் குறைவாகவே சொன்னார்கள். முக்கியமான கண்டுபிடிப்புதான். ஆனா எதிர்காலம் இப்போது ஒருவரின் சுபாவமாகச் சுருங்கிவிட்டது. அவர் எந்த நாட்டில், எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்கிறார் என்று வினாத்தாள் கேட்கவில்லை.

2001இல் லாரா கிங் எழுத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். 81 மாணவர்கள், நாலு நாள், தினமும் 20 நிமிடம். எல்லாம் நல்லபடியாக நடந்தால் நான் எப்படி இருப்பேன் என்று எழுதியவர்களின் மனநிலை மூன்று வாரம் கழித்தும் மேலாக இருந்தது. சாதாரண விஷயங்களை எழுதியவர்களைவிட, அடுத்த ஐந்து மாதங்களில் நோய் என்று போனதும் குறைவு.

நம்பிக்கை உடம்புக்கும் மனசுக்கும் நல்லது, சரி. ஆனால் நம்பிக்கை குறைவாக இருப்பது எப்போதும் மனசின் கோளாறு இல்லை. சில சமயம் அது உலகத்தைச் சரியாகப் படித்ததன் அடையாளம். "பாசிட்டிவா யோசிப்பா" என்று ஒரு மாணவரிடம் சொல்வதற்கு முன்னால், அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று கேட்பதுதான் முறை.

தென்னாப்பிரிக்காவில் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் 1994இல் நடந்தது. 2000க்கு ஆறு வருஷம் முன்னால். அந்த மாணவர்களில் உயிரோடு இருந்தவர்கள் அப்போது அறுபதை ஒட்டிய வயதில் வரிசையில் நின்றிருப்பார்கள்.