நெல்மணியும் பகா எண்ணும்

மாணவர்களே, ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத, ஒன்றினும் பெரிய எண்ணே பகா எண். டி. கல்லுப்பட்டியில் கணிதம் கற்பித்த நாளில் நான் விடுத்துவந்த வினா ஒன்று உண்டு. சதுரங்கப் பலகையின் முதற் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, பின்னர் நான்கு என இரட்டித்துச் சென்றால், 31 கட்டங்களில் சேரும் நெல் எத்தனை? 2,14,74,83,647. இது பகா எண்ணா?

இதன் வர்க்கமூலம் 46,340-க்குச் சற்று மேற்பட்டது. அதுவரையுள்ள பகா எண்கள் ஏறத்தாழ 4,800. அத்தனையாலும் வகுத்துப் பார்ப்பதோ பெரும்பாடு. சுவிட்சர்லாந்தில் பிறந்த ஆய்லர் வேறு வழி கண்டார். இவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், அதனை 248-ஆல் வகுத்தால் 1 அல்லது 63 மீதியாதல் வேண்டும். இதனால் வேலை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருங்கிற்று. ஒன்றும் வகுக்கவில்லை, ஆகவே இது பகா எண்ணே என்று 1772-இல் அவர் அறிவித்தார்.

அவ்வழி இத்தகைய எண்களுக்கே பொருந்தும். எல்லா எண்களுக்கும் பொதுவாய், இலக்கங்கள் பெருகினும் வேலை கட்டுக்கடங்காமற் பெருகாததாய், ஐயமற விடைதரும் முறையொன்றை 2002-இல் நிறுவியவர்கள் நம் நாட்டினர்: கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து மணீந்திர அகர்வாலும், அவர்தம் மாணவர் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும். எவற்றால் வகுக்க வேண்டுவதில்லை என முதலில் ஆராய்வதே கணித அறிவு.