மேற்றிராணியார் ஜனாதிபதியான வரலாறு

குருபீடத்தில் வீற்றிருந்தவர் அதனைத் துறந்து ராஜாங்க பீடத்தில் அமர்தல் உலக சரித்திரத்தில் அபூர்வமே. தென் அமெரிக்காவில் கடற்கரையற்ற பாராகுவே தேசத்தில் அவ்வாறு நிகழ்ந்தது. அதனை நம் அங்கத்தினரும் அவர்தம் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

பெர்னாண்டோ லுகோ 1951-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி பிறந்தார். 1977-ல் குருப்பட்டம் பெற்று, ஈக்குவடார் தேசத்தில் சில வருஷம் ஊழியம் புரிந்தார். 1994-ல் சான் பெத்ரோ என்னும் வறிய பிரதேசத்துக்கு மேற்றிராணியாரானார். 1954 முதல் 1989 வரை சர்வாதிகாரம் செலுத்திய ஸ்த்ரோஸ்னர் என்னும் சேனாதிபதி, அரசாங்க நிலங்களை ஏராளமாகத் தம் நேயர்க்கு வழங்கிவிட்டார், உழுவோர்க்கோ காணியில்லை. அக்குடியானவர் பக்கம் நின்ற லுகோவை ஜனங்கள் 'ஏழைகளின் மேற்றிராணியார்' என்றழைத்தனர்.

2005-ல் அவர் மேற்றிராசனத்தை விட்டு விலகினார். எம்மதத்துக் குருவும் ஜனாதிபதியாகலாகாது என்பது அத்தேசத்துச் சட்டம். ஆதலின் 2006 இறுதியில், குருநிலையினின்று தம்மை விடுவிக்குமாறு ரோமாபுரிக்கு விண்ணப்பித்தார். ரோமாபுரி இசையாது, அவர் குருத்தொழில் நடத்துவதை மட்டும் தடுத்தது. எனினும் 2008 ஏப்ரல் 20-ந் தேதி தேர்தலில் அவரே வென்றார். 61 வருஷம் ஆண்ட கொலராடோ கட்சி வீழ்ந்தது. ஜூலை 30-ந் தேதி பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட் விலக்களித்தார். ஆகஸ்டு 15-ந் தேதி லுகோ எளிய செருப்பணிந்து வந்து பதவிப் பிரமாணம் செய்தார்.

அவர் ஆட்சியில் அரசாங்க வைத்தியசாலைகளில் இலவச சிகிச்சை ஏற்பட்டது. இதைப்பூ அணையின் மின்சாரத்துக்குப் பிரேஸில் ஆண்டுதோறும் தரும் ஈட்டுத்தொகையை 12 கோடி டாலரிலிருந்து 36 கோடியாக உயர்த்த 2009-ல் உடன்படிக்கை செய்தார். அவருடைய குறையையும் மறைத்தல் தகாது. துறவற வாக்குக்கு உட்பட்டிருந்த காலத்தில் தமக்கு உண்டான மகவை அதே வருஷம் அவர் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அவரை நம்பினோர் பலர் மனம் நொந்தனர்.

நிலச் சீர்திருத்தமோ நிறைவேறவில்லை. சட்டசபையில் அவருக்கெனப் பெரும்பான்மை இல்லை. 2012 ஜூன் 15-ந் தேதி குருகுவாத்தி என்னுமிடத்தில், குடியானவர் குடியேறியிருந்த நிலத்தைக் காலி செய்விக்கப் போலீஸார் சென்றபோது கலகம் மூண்டு, குடியானவர் 11 பேரும் போலீஸார் 6 பேரும் மாண்டனர். ஒரே வாரத்தில் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. எதிர்வாதத்துக்கு இரண்டு மணி நேரமே அளித்து, ஜூன் 22-ந் தேதி செனேட் சபை 39-க்கு 4 என்ற வாக்கால் அவரை நீக்கியது. அவரை ஆதரித்துவந்த லிபரல் கட்சியாரும் கைவிட்டனர்; அக்கட்சியினரான உபஜனாதிபதி பிராங்கோ அவ்விடத்தில் அமர்ந்தார். எந்நிலத்தின் பொருட்டுக் குடியானவர் பக்கம் நின்றாரோ, அந்நிலத் தகராறே அவர் அதிகாரத்தையும் பறித்தது. ஆயினும் 2013-ல் அவரையே ஜனங்கள் செனேட் சபைக்கு அனுப்பினர். 2017-ல் அச்சபைக்கே தலைவரானார்.

இவ்வரலாற்றினின்று நாம் உணர்வது யாது? ஒருவருடைய நற்பெயர் அவரைப் பதவிக்கு ஏற்றிவிடும். ஆனால் உறுதியான கூட்டுறவின்றி அங்கே நிலைநிறுத்தாது. தலைவரைத் தேர்ந்தெடுத்ததோடு நம் கடமை முடிந்ததென்று வாளாவிருப்போர் இதனைச் சிந்திப்பாராக.