பாம்பன் பாலமும் தனுஷ்கோடிச் சாலையும்

நம் இராமநாதபுரம் மாவட்டத்தின் வரலாறு மன்னர்களின் வரலாறு மட்டுமன்று, பாதைகளின் வரலாறுமாகும். எந்தப் பாதை விரைந்து செப்பனிடப்பட்டது, எது கைவிடப்பட்டது என்று ஆராய்ந்தால், ஆள்வோர் யாரை நினைத்தனர், யாரை மறந்தனர் என்பது விளங்கும்.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் இரயில் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு 145 கண்கள். கப்பல் செல்வதற்கென நடுவே திறந்து மூடும் தூக்குப் பாலமும் இருந்தது. 1988 அக்டோபர் 2 இல் சாலைப் பாலம் திறக்கப்படும் வரை, இராமேசுவரம் தீவினர்க்கு இரயிலை விட்டால் தோணியே கதி.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஓர் இரயிலைக் கடல் கொண்டது. பாலத்தின் 126 உத்திரங்கள் நீரில் வீழ்ந்தன. பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று, வீழ்ந்த உத்திரங்களை மீட்டெடுத்து, 46 நாட்களில் பாலத்தைச் சீராக்கினார். மனம் வைத்தால் அரசு எதைச் செய்யவல்லது என்பதற்கு இதுவே சான்று.

தனுஷ்கோடியின் கதையோ வேறு. அது வாழத் தகுதியற்ற ஊரென அறிவிக்கப்பட்டது. அங்கு சென்ற இருப்புப்பாதை மீண்டும் இடப்படவில்லை. கடலை நம்பி அங்கேயே தங்கிய மீனவக் குடும்பங்கள் மணலில் நடந்தன. முகுந்தராயர் சத்திரம் முதல் அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை திறக்கப்பட்டது 2017 ஜூலையில்தான். அங்கே 46 நாட்கள். இங்கே ஏறத்தாழ 53 ஆண்டுகள்! கடலரிப்பு மெய்யே, ஆயினும் அதே கடலோரத்தில்தானே அச்சாலையும் போடப்பட்டது?

பாலமும் உப்புக்காற்றுக்குத் தப்பவில்லை. தூக்குப் பாலம் நலிவுற்றதால் 2022 டிசம்பரில் இரயில் நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 இல் திறக்கப்படும் வரை, இரண்டாண்டுகளுக்கு மேல் தீவுக்கு இரயில் இல்லை. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. பராமரிப்புக்குக் கல்வெட்டு இல்லை. அரசியலார் அதில் அக்கறை கொள்ளாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

இளைஞர்களே! நமக்குப் பாதை என்பது வெறும் மண்ணும் கல்லும் அன்று. பொதுச் சாலைகளும் கிணறுகளும் நம்மவர்க்கும் உரியவை என்னும் தீர்மானத்தை 1924 இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். நடக்கும் உரிமையை முன்னோர் பெற்றுத் தந்தனர்; அச்சாலை நடக்கத்தக்கதாய் இருக்கக் கேட்பது நம் கடமை.

நம் தெருச்சாலையும் ஓடைப்பாலமும் எந்த ஆண்டு அமைந்தவை, கடைசியாக எப்போது செப்பனிடப்பட்டவை என்பதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதனைக் கிராம சபையில் எழுந்து நின்று படியுங்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் வளர்த்த கல்விக்கு அதுவே பயன்.